ஈயம் பட்ட பணியாரச் சட்டி

சிவகாசியில் சொர்ணலட்சுமி வீட்டு முன்னறையில், சுவரோரமாகப் பழைய இரும்புப் பாத்திரங்கள் அடுக்கியிருக்கும். தோசைக்கல், ஆப்பச்சட்டி, பணியாரச் சட்டி என வார்ப்பு இரும்பில் செய்தவற்றை மட்டும் அவர் விலைக்கு வாங்குவார். துருவெடுத்து, எண்ணெய் காய்ச்சிப் பழக்கி, வெளியூர் ஓட்டல்களுக்கு விற்பார். கணவர் தனுஷ்கோடியின் அச்சகம் ஆப்செட்டுக்கு மாறிய பிறகு, வீட்டிலிருந்தபடி அவராகத் தொடங்கிய வியாபாரம் இது.

2006ஆம் ஆண்டு, தீபாவளி சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூடிக் கிடந்த நாட்களில், நாரணாபுரத்திலிருந்து பொன்மணி ஒரு பணியாரச் சட்டியைக் கொண்டுவந்தாள். கணவன் பாண்டி தன் லோடு ஆட்டோவில் அழைத்து வந்திருந்தான்.

"வா பொன்மணி, உக்காரு. சாப்பிட்டீகளா ரெண்டு பேரும்?"

"சாப்பிட்டோம்க்கா. பரண்ல சும்மா கிடந்துச்சு. நீங்க நல்ல விலை போடுவீகன்னு சொன்னாக."

"அவளுக்கு இதை விக்க மனசே இல்லக்கா" என்றான் பாண்டி. "எங்க கல்யாணத்துக்கு அவுக அம்மா குடுத்தது. என்னைய விக்கணும்னா இந்நேரம் வித்திருப்பா."

"உங்களுக்கு எவன் விலை போடுவான்?" என்றாள் பொன்மணி.

சொர்ணலட்சுமி சிரித்துக்கொண்டே சட்டியின் காதில் ஒரு விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, மறுகை விரல் கணுவால் தட்டினார். மணி போல நீண்டு ஒலித்தது. விரிசல் இருந்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். பிறகு கவிழ்த்துப் பார்த்தார்.

"அடியில நடுவுல ஒரு தழும்பு இருக்கு பாரு. இரும்பை உருக்கி ஊத்துன வாய் இது. இப்ப வர்ற சட்டியில ஓரத்துல ஊத்துறாக, இப்படி இருக்காது. இதுல கனமும் கம்மி. குழி உள்ள சொரசொரப்பே இல்ல. ரொம்பப் பழசுத்தா."

"எம்புட்டுக்கா போகும்?"

"மூவாயிரம் தாரேன்."

பொன்மணி கணவனைப் பார்த்தாள். அவள் வேலை பார்ப்பது வெடிக்கு மருந்து செலுத்தும் அறையில். போன சீசனில் பக்கத்து அறை தீப்பிடித்தபோது, கதவருகே இருந்ததால் வெளியே ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு மருந்தைத் தொடும்போதெல்லாம் அவள் கண் கதவையே பார்த்தது. திங்கட்கிழமை கம்பெனி திறக்கிறது. அதற்குள் ஒரு தள்ளுவண்டி கிடைத்துவிட்டால், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் வடைக் கடை போட்டுக்கொண்டு அந்த அறைக்குப் போகாமலே இருந்துவிடலாம். சாத்தூரில் ஒருவர் பழைய வண்டியை அடுப்போடு அதே மூவாயிரத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

பணம் கொடுப்பதற்கு முன் எந்தச் சட்டியையும் அடுப்பில் ஏற்றிப் பார்ப்பது சொர்ணலட்சுமியின் வழக்கம். சிலர் ஓட்டையைப் பசை வைத்து அடைத்துக் கறுப்புப் பூசிக் கொண்டுவருவார்கள். சூட்டில் அது இளகிவிடும். பொன்மணியை அவர் சந்தேகப்படவில்லை. எல்லோருக்கும் செய்வதை அவளுக்கும் செய்தார்.

வெறும் சட்டி நன்றாகக் காய்ந்தது. ஒரு குழியின் பக்கவாட்டில் ஏதோ மினுங்கியது. பிறகு அது வழுக்கி இறங்கி, குழியின் அடியில் கடுகளவு வெள்ளி உருண்டையாக நின்றது. அடுத்த குழியிலும் ஒன்று.

"இது என்னதுக்கா?" என்றாள் பொன்மணி.

சொர்ணலட்சுமி குனிந்து பார்த்தார். அடுப்பை அணைத்தார். பாண்டிதான் மெல்லச் சொன்னான்.

"எழுத்து."

அவன் முன்பு வேறொரு அச்சகத்தில் ஈய அச்செழுத்துக் கோர்த்தவன். அதை மூடியபோது, கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாகத் தேய்ந்த ஈய எழுத்துகளை அள்ளிக் கொடுத்தார்கள்.

"எல்லாரும் வீட்டுலதான்க்கா உருக்குனோம். பணியாரக் குழியில ஊத்துனா உருண்டையா அழகா வரும், பழைய ஈயம் வாங்குற கடைக்காரனுக்கு எடை போடத் தோதா இருக்கும். அப்புறம் புளி போட்டு நல்லாத் தேச்சுத்தான் பரண்ல வச்சேன்."

"நான் கம்பெனிக்குப் போனப்ப, என் சட்டியில ஈயம் காச்சினீகளா?"

"அப்ப அது தப்புன்னு தோணலத்தா."

"அதுக்கப்புறம் இதுல ஏதும் சுட்டீகளா?" சொர்ணலட்சுமி அவசரமாகக் கேட்டார்.

"இல்லக்கா. பிள்ளைக்குக் கூட நான்ஸ்டிக்லதான் சுட்டுக் குடுக்கேன்" என்றாள் பொன்மணி.

"முருகா" என்று சொர்ணலட்சுமி மூச்சுவிட்டார். "இனி எம்புட்டுத் தேச்சாலும் இதை நம்ப முடியாது. ஈயம் சோத்துல கலந்தா சின்னப் பிள்ளைகளுக்கு மூளையைப் பாதிக்கும். எழுத்துக் கோர்க்கிறவுக கை கழுவாமச் சாப்பிட உக்காந்தா எங்க அச்சகத்துல எங்க வீட்டுக்காரரு போடாத சத்தமா?"

அவர் மதுரை வியாபாரி செழியனுக்குப் போன் செய்தார். பழைய பணியாரச் சட்டி வேண்டும் என்று கேட்டுவைத்திருந்தவர் அவர்தான். நடந்ததைச் சொன்னதும் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அக்கா, இதெல்லாம் போய் என்கிட்ட சொல்லிக்கிட்டு. தேச்சு எண்ணெயத் தடவி அனுப்புங்க. நீங்க வாங்கலைனா நானே நேரா வந்து வாங்கிக்கிறேன், அதே மூவாயிரம். நாமளா சாப்பிடப் போறோம்?"

சொர்ணலட்சுமி போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"நான் வாங்க மாட்டேன் பொன்மணி. ஆனா சட்டி உன்னுது. அவரு வந்து வாங்குவாரு. கொடைக்கானல்ல ஒரு ஓட்டலுக்குப் போகும்."

பொன்மணி குனிந்து குழிக்குள் இருந்த உருண்டைகளைப் பார்த்தாள். பாண்டி வாசலைப் பார்த்தான்.

"அந்த ஓட்டலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வருவாகளாக்கா?"

"லீவுல வராம?"

"அப்ப வேண்டாம்க்கா." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இரும்புக் கடையில போட்டாலும் அவன் நல்ல சட்டின்னு வேற யாருக்காச்சும் வித்துருவான். ஒவ்வொரு குழியிலயும் ஓட்டை போட்டுருவோம்."

பாண்டி மறுபேச்சு பேசாமல் சட்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை லேத் பட்டறைக்குப் போனான். துளை போடும்போது இரும்பு சுருள் சுருளாக வரவில்லை, கறுப்பு மாவாக உதிர்ந்தது. "நல்ல வார்ப்புய்யா, இதைப் போய்க் கெடுக்கிறீகளே" என்று பட்டறைக்காரர் வருத்தப்பட்டார். பாண்டி கடைசிக் குழி வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினான். சுவரில் மாட்டும் அலங்காரத்துக்கு என்று செழியன் அதை ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். அந்தப் பணத்தில் வண்டி வாங்க முடியாது.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த தனுஷ்கோடியிடம் சொர்ணலட்சுமி எல்லாவற்றையும் சொன்னார். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நம்ம குடோன்ல பேப்பர் கட்டு ஏத்துற வண்டி சும்மாதானே நிக்குது?"

"ஒரு சக்கரம் கிறீச்சுன்னு கத்துமே."

"கத்துனா வடைக்கு ஆள் வரும். எடுத்துக்கிடச் சொல்லு."

மறுநாள் பாண்டி அந்த வண்டிக்குப் பலகையடித்தான். ஐந்நூறு ரூபாய் அடுப்புக்குச் சரியாகப் போயிற்று. பிறருக்காக ஒன்றை இழப்பவரைக் கடவுள் வெறுங்கையோடு விட்டுவிடுவதில்லை. அவர் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு மனிதரின் கையைத்தான் அதற்குப் பயன்படுத்துகிறார்.

திங்கட்கிழமை காலையில் நாரணாபுரம் விலக்கில் கம்பெனி வேன் வந்து நின்றது. பொன்மணியோடு மருந்தறையில் உட்காரும் செல்லத்தாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏத்தா பொன்மணி, ஏறலையா? போர்மேன் கேப்பாரே."

"இல்லத்தா, நான் வரல. சாயங்காலம் இங்கனயே இறங்குங்க, வடை சூடா இருக்கும்."

"ஓசியாவா?"

"மொத நாளு மட்டும்."

வேன் சிரிப்போடு புறப்பட்டுப் போனது. பொன்மணி மாவைத் தட்டி எண்ணெயில் போட்டாள்.