கண்ணாடியில் ஒட்டிய ஆறு

என் மனைவி ஆக்ஸிலியா இறந்து வருகிற வியாழனோடு ஒரு வருடம். வருஷப் பூசைக்குக் கோயிலில் அவள் போட்டோவுக்குப் பக்கத்தில் அவள் வரைந்த படத்தையும் வைக்க வேண்டும் என்றார் அவள் அப்பா, பரமானந்தம் மாமா. சரி என்றேன். ஒரு வருடமாக எதற்கும் அதைத்தான் சொல்கிறேன்.

அடுக்கம் ரோட்டு வளைவில் நின்று வரைந்த பள்ளத்தாக்கு. அவள் ஓவிய ஆசிரியை. பிள்ளைகளுக்கு இம்ப்ரஷனிசம் என்கிற ஓவியப் பாணியை நடத்தப் போய் தானே அதில் விழுந்தவள். ஆயில் பெயின்டைக் கத்தியால் அப்புவாள். கிட்டத்தில் வெறும் திட்டுகள். தள்ளி நின்றால் சரிவு, பனி, நடுவில் ஆறு. ஆற்றைத்தான் கடைசியாக வைத்தாள். விரல் தடிமன்.

செண்பகனூரில் செல்வினின் பிரேம் கடைக்குப் போனபோது மாமா முன்பே வந்திருந்தார். படம் மேசைமேல் மல்லாந்து கிடந்தது. மேலே கண்ணாடி. ஆறு அதில் நசுங்கி அகலமாகப் பரவியிருந்தது.

"சார்தாண்ணே கண்ணாடி போடச் சொன்னாங்க" என்றான் செல்வின்.

"பின்ன? இந்த ஊர்ல பைபிளுக்கே பூசணம் பூக்குது. ஏலே, ஒரு வருசத்துல காயலேன்னா நான் என்னத்தக் கண்டேன்?"

"மேல்தோலுதான் காஞ்சிருக்கு சார். உள்ள வெண்ணெயாட்டம் கெடக்கு. தூக்குனா ஆறு கண்ணாடியோட வந்துரும்."

"தூக்காட்டி?" என்றேன்.

"உள்ள ஈரம் நின்னு மொத்தப் படமும் போயிரும்ணே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"தூக்கு."

ஆணிகளைப் பிடுங்கினான். பிளாஸ்திரி உரிக்கும் சத்தம். ஆறு முழுசாக வந்துவிட்டது. கான்வாஸில் அது இருந்த இடத்தில் வெளிறிய ஊதாக் கறை.

"வழிச்சு மறுபடி அப்பிரலாம்ணே. யாருக்கும் தெரியாது."

"வேணாம். அப்புறம் அது உன் கை."

மாமா ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்:

"ஆறு இல்லாமயா மாப்ளே கோயில்ல வைக்கிறது?"

"ஆமா மாமா."

"யாராச்சும் கேட்டா?"

"இருந்துச்சுன்னு சொல்லுங்க."

கண்ணாடியை நான் வாங்கிக்கொண்டேன். பெயின்ட் ஈரம். காகிதம் சுற்ற முடியாது, எதிலும் சாய்க்க முடியாது. டவுன் பஸ் கூட்டமாக வந்து நின்றது. ஏறவில்லை. இரண்டு கையிலும் மட்டமாக ஏந்திக்கொண்டு ஏற்றத்தில் நடந்தேன்.

பனி இறங்கியது. கண்ணாடி கனத்தது. கீழே வைக்க இடமில்லை.