ரேடியேட்டரில் தண்ணீர் மட்டும்

என் தம்பி பட்டியல் போடாமல் பல்கூடத் துலக்க மாட்டான். கல்யாணத்தன்று அவன் சட்டைப் பையில் ஒரு பட்டியல் இருந்தது. முதல் வரி மோதிரம், இரண்டாவது கைக்குட்டை, மூன்றாவது ‘அண்ணன் சாப்பிட்டானா’. யாரோ அதை உருவிச் சத்தமாகப் படித்ததில் மண்டபமே சிரித்தது. நான் மட்டும் எழுந்து போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஆறரைக்கே அவன் வீட்டு ஷெட்டுக்குப் போனேன். அவன் எழுந்திருப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. ஷெட் திறந்து கிடந்தது. சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, காதில் பென்சிலும் மடியில் பட்டியலுமாக அவன் உட்கார்ந்திருந்தான்.

“எட்டு மணின்னு சொன்னே,” என்றான்.

“நீயும் எட்டு மணின்னுதானே சொன்னே.”

“தூக்கம் வரல. வந்தது வந்துட்டே, ஆரம்பி. முதல்ல கண்ணாடி.”

போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன்.

வண்டி என்னுடையது. இருபத்தொரு வயதான ஸ்போர்ட்ஸ் பைக். நான் இருப்பது மூன்றாவது மாடி, அதனால் அது எப்போதும் தம்பி வீட்டு ஷெட்டில்தான் நிற்கும். வருஷத்துக்கு நாலைந்து முறை எங்களைப் போன்றவர்களுக்காக ரேஸ் டிராக்கை ஒரு நாள் திறந்துவிடுவார்கள். பரிசும் கிடையாது, கோப்பையும் கிடையாது. காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அண்ணனும் தம்பியும் எட்டு வருஷம் போனோம். அவனுக்கென்று ஒரு புது வண்டி வைத்திருந்தான். அது இப்போது இல்லை.

தெருவில் ஓடும் வண்டியை அப்படியே டிராக்கில் இறக்க விடமாட்டார்கள். கண்ணாடி, லைட், நம்பர் பலகை, ஸ்டாண்ட் எல்லாம் கழற்ற வேண்டும். எண்ணெய் போல்ட் தானாகக் கழன்றுவிடாதபடி அதில் ஓட்டை போட்டு மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் இருக்க வேண்டும், துருப்பிடிக்காமல் இருக்கக் கடையில் விற்கும் கூலன்ட் திரவம் ஊற்றக் கூடாது. தண்ணீர் ரோட்டில் சிந்தினால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். கூலன்ட் காயாது. அதன்மேல் ஏறும் சக்கரம் சோப்புத் தண்ணீரில் கால் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். தினமும் ஏழெட்டுக் கட்டடத்தில் ‘சோதித்தேன், சரியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன். ஆனாலும் அந்தக் கடைசி விதியை மீறினேன். நாங்கள் கடைசியாகப் போன வருஷம் வண்டியின் வாட்டர் பம்ப் போய்விட்டது. அந்தக் காலத்துப் பாகம், கடையில் கிடைக்காது. நாலு மாதம் நாயாய் அலைந்து, உடைத்துப் போட்ட ஒரு வண்டியிலிருந்து கழற்றி வந்து மாட்டினேன். இன்ஜினின் உள்பக்கத்தைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவிப் புதுக் கூலன்ட் ஊற்றினேன். அதை வடித்துவிட்டு வெறும் தண்ணீரை ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. துருப்பிடித்துவிடும் என்று பயம். ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

டிராக்குக்குப் போவதற்கு முந்தின நாள் தம்பி போனில் பட்டியலை வாசித்தான். “ரேடியேட்டர்ல தண்ணி மாத்திட்டியா?”

“தண்ணிதான்டா,” என்றேன்.

மறுநாள் டிராக்கில் வண்டிகளைச் சோதிக்கும் ஆள் கேட்டார். எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்ப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தோம். அவரிடமும் தண்ணிதான் என்றேன். “எட்டு வருஷமா வர்றீங்க, உங்க வார்த்தை போதும்,” என்று மூடியைக்கூடத் திறக்காமல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்.

மத்தியானம் இரண்டாவது சுற்றில், ஒரு நீளமான இடதுபக்க வளைவில், என் வண்டியின் ரேடியேட்டர் ஹோஸ் கழன்று, குழாயில் இருந்ததெல்லாம் ரோட்டில் கொட்டியது. என் பின்சக்கரம் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நேராகிவிட்டது. தம்பி என் பின்னால் வந்துகொண்டிருந்தான். எப்போதும் அப்படித்தான் வருவான். ‘நீ போற கோட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்தா போதும், எனக்கு மூளையே தேவையில்ல’ என்பான். நான் போன கோட்டில்தான் அன்றைக்கும் வந்தான். திரும்பிப் பார்த்தபோது வண்டி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகச் சறுக்கிப் போவது தெரிந்தது. தடுப்புச் சுவரில் அவன் முதுகு மோதியது.

ஆம்புலன்ஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மழை கொட்டித் தரையைக் கழுவிவிட்டது. என்ன சிந்தியது என்று யாரும் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடி வந்து கேட்டபோது மறுபடியும் தண்ணிதான் என்றேன். மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்கு நாக்குக்கூடக் கூசவில்லை. ஹோஸ் கழல்வது யாருக்கும் நடக்கும் என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

ஒன்றரை வருஷம். வண்டியை அன்றைக்கு வேனில் ஏற்றி வந்து ஷெட்டில் நிறுத்திப் போர்வை போட்டதோடு சரி. இன்ஜினுக்குள் மிச்சம் தங்கிய கூலன்ட் அப்படியே இருந்தது. அதை வடித்துக் கொட்டிவிட்டால் போதும், அப்புறம் சாகிறவரை ஒருவருக்கும் தெரியாது. மூன்று முறை ஷெட் சாவி கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்று மூன்று முறையும் சொல்லிவிட்டான். திடீரென்று போன மாதம் அவனே கூப்பிட்டு, “வண்டியை ரெடி பண்ணுண்ணா, நீயாவது ஓட்டு,” என்றான். மாட்டேன் என்றேன். அவன் மனைவியும் சேர்ந்துகொண்டாள். “பண்ணுங்க மாமா, அவருக்கு அதுல ஒரு சந்தோஷம்.” அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

ஆக, அந்தக் காலையில் என் கவலையெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவன் கண்ணில் படாமல் அதை வடிக்க வேண்டும்.

கண்ணாடியைக் கழற்றினேன். லைட்டைக் கழற்றினேன். ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு டிக் போட்டான். வெட்டவெளியில் வேலை செய்கிறவன்போல் எனக்கு வியர்த்தது.

“லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டாலும் இப்படித்தான் ஆடி அசைஞ்சு போவியா?” என்றான்.

“மாட்டிக்கிட்டவன் உன்னை மாதிரி நொச்சுநொச்சுன்னு பேசினா இன்னும் மெதுவாப் போவேன்.”

சிரித்தான். விழுவதற்கு முன்னால் சிரித்த அதே சிரிப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஸ்பேனரை எடுத்தேன்.

பிரேக் பேட், செயின், எண்ணெய் போல்ட்டுக்குக் கம்பி. கம்பியை வேண்டுமென்றே இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினேன். உள்ளே அவன் மனைவி பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. கடைசியில் அவன் பென்சிலால் பட்டியலைத் தட்டினான்.

“பதினொண்ணு. ரேடியேட்டர்.”

“அதை நான் அப்புறம் பார்த்துக்கறேன். நீ உள்ள போய் எதாவது சாப்பிடு.”

“இப்பவே வடி. அந்த பேசினைக் குடு, நான் பிடிக்கறேன்.”

“உனக்கு எதுக்குடா இதெல்லாம்? தரையில வெச்சா ஆச்சு.”

“குடுண்ணா.”

கொடுத்தேன். அவன் நாற்காலியை வண்டியோடு ஒட்டினாற்போல் நகர்த்தி, சாய்ந்து, பேசினை இன்ஜினுக்கு அடியில் நீட்டினான். அவன் பார்வைக்குக் குறுக்கே என் தோளை வைத்துக்கொண்டு போல்ட்டைத் திருகினேன். வந்தது. அரை லிட்டர் இருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இருமல் மருந்துபோல ரோஸ் நிறம், அதே தித்திப்பு வாசனை. கடைசிச் சொட்டு விழுவதற்குள் பேசினின் விளிம்பைப் பிடித்து இழுத்தேன். அவன் விடவில்லை. நான் இன்னும் வேகமாக இழுத்தேன். நாற்பது தாண்டிய இரண்டு பேர் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்கு மல்லுக்கட்டினோம். அது சாய்ந்து அத்தனையும் அவன் மடியில் கொட்டியது.

ரோஸ் நிறம் அவன் வேட்டியில் பரவித் தொடையோடு ஒட்டிக்கொண்டது. குளிர்ந்திருக்கும். அவன் அசையவில்லை. அவனுக்குத்தான் தெரியாதே. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்,” என்றான்.

காலி பேசினை எடுத்துத் தரையில் வைத்தேன்.

“கீழ கிடந்தப்போ கால் எங்க இருக்குன்னு தெரியல. கை தெரியல. ஹெல்மெட்டுக்குள்ள இந்த வாசனை மட்டும் வந்துச்சு. தண்ணிக்கு ஏது வாசனை?”

“ஏன்டா கேக்கல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்.” குரலை உயர்த்தவில்லை. “ஆஸ்பத்திரியில என் கால் நகத்தை வெட்டிவிட்டியே, அன்னைக்குச் சொல்லுவேன்னு நெனைச்சேன். வாசல்ல நாற்காலி ஏற சிமென்ட் குழைச்சுச் சரிவு போட்டியே, அன்னைக்குப் பூரா உன் பின்னாடியே இருந்தேன். நீ சரிவுக்கு மட்டம் பார்த்தே, என்னைப் பார்க்கல. நீ சாவி கேட்டப்பதான் நீ சொல்லவே மாட்டேன்னு தெரிஞ்சுது. அதான் குடுக்கல. நீ கொட்டிட்டுப் போயிட்டா, உன்னைக் கேக்கறதுக்கு என்கிட்ட எதுவுமே இருக்காது.”

“டேய், துருப்பிடிக்கும்னு...”

“விழுந்தது அதனால மட்டும்னு நான் சொல்லல. தண்ணியா இருந்தாலும் விழுந்திருப்பேனோ என்னமோ. அது வேற. இன்னைக்குக்கூட நீ சொல்லலையே அண்ணா. பேசினைப் பிடுங்கினியே.”

அதுதான் என்னைக் கொன்றது. ஒன்றரை வருஷமாக அழாததையெல்லாம் அவன் நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் என் தலையைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவளுக்குத் தெரியாது,” என்றான். “தெரிய வேணாம். கண்ணைத் தொடை, வர்றா.”

இரண்டு டம்ளர் டீயோடு அவன் மனைவி ஷெட்டுக்குள் வந்தாள். அவன் மடியைப் பார்த்துவிட்டு டீத் தட்டை அவசரமாகப் பெஞ்சில் வைத்தாள்.

“என்னங்க இது, இப்படி நனைஞ்சு?”

“தண்ணிதான்,” என்றான் தம்பி. “கை தவறிடுச்சு.”

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. நான் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை அது. எனக்காக அவன் சொல்கிறான், அதுவும் அவளிடம்.

“இல்லம்மா,” என்றேன். “தண்ணி இல்ல. அன்னைக்கும் தண்ணி இல்ல.”

“அண்ணா, வேணாம்,” என்றான் அவன்.

நான் நிறுத்தவில்லை. பம்ப் தேடி அலைந்ததிலிருந்து ஆரம்பித்து, போனில் அவனிடம் சொன்னது, டிராக்கில் சொன்னது, மழை பெய்தபோது எனக்குள் வந்த நிம்மதி வரைக்கும் சொன்னேன். நிம்மதிதான் வந்தது. என் தம்பி ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருந்தான், எனக்கு மழையைப் பார்த்து நிம்மதி வந்தது. அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் மடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் துடைத்தாள்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க மாமா,” என்றாள். “உள்ள அவர் எப்படி இருக்கார்னுகூடத் தெரியல. உங்க கையைப் பிடிச்சு உங்களுக்குத்தான் முதல்ல ஆறுதல் சொன்னேன்.”

நான் தலையை நிமிர்த்தவில்லை.

“வேட்டி மாத்தணும், வாங்க,” என்று அவனிடம் சொன்னாள். வேலையை முடித்துவிட்டு வருவதாக அவன் சொன்னான். அவள் ஒரு டம்ளரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். இன்னொரு டம்ளரைத் தட்டோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் கையிலிருந்த டீயில் ஆடை படிந்தது.

“காலையில எதாவது சாப்பிட்டியா?” என்றான்.

இல்லை என்று தலையாட்டினேன்.

“ஆறரைக்கு வந்தா எப்படிச் சாப்பிட்டிருப்பே?” டம்ளரை என் பக்கம் நீட்டினான். “இந்தா. மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதே. குடி.”

வாங்கிக் குடித்தேன். அவன் கீழே விழுந்திருந்த பட்டியலை எடுத்துத் தரச் சொன்னான். ஒரு மூலை நனைந்திருந்தது. அதை உதறிவிட்டுப் பதினோராவது வரியில் பென்சிலை வைத்தான், டிக் போடவில்லை.

“ஹோஸை மாட்டிட்டு தண்ணி ஊத்து,” என்றான். “மூடியைப் போட்டுடாதே. நான் விரல் விட்டுப் பார்க்கணும்.”

நான் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.