ஜேக்கப் கிரைடரின் வலது பக்கம்

ஒஹாயோ மாநிலத்துப் பக்ஸ்டன் கவுண்டியில் மனிதர்கள் இரண்டு வகை. ஜூலை விழாவில் கூடாரத்து நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள் ஒரு வகை. வெயிலில் நின்றுகொண்டு அவர்களைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் இன்னொரு வகை. நாற்காலி வேண்டுமென்றால் அமெரிக்க விடுதலைப் போர் வீரர் வாரிசு மகளிர் சங்கத்தில் சேர வேண்டும். சங்கத்தில் சேர வேண்டுமென்றால் இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் உங்கள் வம்சத்தில் யாராவது துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டும். நீங்கள் என்னத்தைத் தூக்கினீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஆர்ஃபா கிரைடர் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு அண்டா தூக்கியவள். அந்த ஊரில் ஐம்பது வயதுக்குள் இருக்கும் எல்லோரும் அவள் கையால் மசியல் வாங்கித் தின்றவர்கள்தான். ஆனால் தெருவில் பார்த்தால் ஒருவருக்கும் அவள் பெயர் ஞாபகம் வராது. கல்யாணம் காட்சி எதுவும் அமையவில்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லை. எழுபது வயதில் அவளுக்கென்று மிச்சம் இருந்த ஒரே சொத்து அவளுடைய கொள்ளுத் தாத்தாவின் தாத்தா, ஜேக்கப் கிரைடர்.

இங்கிலாந்து ராஜாவின் படையும் அமெரிக்கப் படையும் மோதிய ட்ரென்டன் போரில் ஜேக்கப் சண்டை போட்டவர். அதற்குச் சாட்சி ஊர் நூலகத்தின் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது: முன்பக்கம் முழுக்கப் பித்தளைத் தகடு பதித்த, உயரமான ஒரு சிப்பாய்த் தொப்பி. தகட்டில் பின்னங்காலில் நிற்கும் சிங்கம். பின்புறத் துணி இற்றுப்போய் யாரோ எந்தக் காலத்திலோ மாற்றித் தைத்திருந்தார்கள். "1776, ட்ரென்டன். எதிரியிடமிருந்து ஜேக்கப் கிரைடர் கைப்பற்றியது" என்று ஆர்ஃபாவின் அப்பா தட்டச்சு செய்த அட்டை பக்கத்திலேயே இருந்தது. மழை நாளில் ஜேக்கப் அதை மாட்டிக்கொண்டுதான் பால் கறக்கப் போவாராம். அளவெடுத்துச் செய்த மாதிரி தலையில் கச்சிதமாக உட்காருமாம். அப்பா இதை நூறு தடவை சொல்லியிருக்கிறார். எதிரி தொப்பி எப்படி அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்று கேட்கும் அளவுக்கு அந்த வீட்டில் யாருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

சங்கத்துக்கு இரண்டு விதிகள். முதல் விதி, வம்சத் தலைவரின் பெயர் 1820க்குள் ஏதாவது ஒரு அரசாங்க மக்கள் தொகைக் கணக்கில் இருக்க வேண்டும். இரண்டாவது விதி, போரில் இருந்த ஆள் என்று காட்ட வழிவழியாக வந்த ஒரு பொருள் வேண்டும். 1911இல் எட்டுச் சீமாட்டிகள் தேநீர் குடித்துக்கொண்டே எழுதிய விதி. தங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன கிடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார்கள். ஆர்ஃபாவிடம் இரண்டாவது இருந்தது. முதலாவது இல்லை. ஒன்பது வருஷமாக மனுப் போட்டாள். ஒன்பது வருஷமாகச் சங்கத் தலைவி லெனோர் ஹார்ட்மன் அதே பதிலைச் சொன்னாள்.

"ஏண்டி ஆர்ஃபா, உங்க தாத்தா போர்ல அவ்வளவு பெரிய ஆளா இருந்தவரு, ஒரு கணக்கெடுப்புலகூட அகப்பட மாட்டேங்கிறாரே! அரசாங்கத்துக்கே டிமிக்கி குடுத்துட்டாரா?"

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். லெனோர் அப்போதும் முதல் பெஞ்சுதான்.

அகப்படாததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலக் கணக்கெடுப்பில் வீட்டுத் தலைவனுக்கு மட்டும்தான் பெயர். பெண்டாட்டி, பிள்ளை, மாமியார், கூலியாள் எல்லோரும் வெறும் எண்கள். இத்தனை வயதில் இத்தனை பேர் என்று கட்டத்தில் அடைத்துவிடுவார்கள். பென்சில்வேனியாவின் 1790, 1800 இரண்டையும் ஆர்ஃபா துழாவிவிட்டாள். ஜேக்கப் எவன் வீட்டிலோ எண்ணாகக் கிடந்திருக்க வேண்டும். 1810இல் ஒஹாயோவுக்கு வந்துவிட்டார், ஆனால் அந்த வருஷத்து ஒஹாயோ ஏடுகளை அரசாங்கம் பத்திரமாக வைத்துத் தொலைத்துவிட்டது. 1829இல் செத்துப்போனார். மிச்சம் இருந்தது 1820 ஒன்றுதான். அதற்கு லெனோரின் அம்மா தயாரித்த பெயர்ப் பட்டியல் புத்தகம் நூலகத்தில் இருந்தது. அதில் ஜேக்கப் இல்லை.

2003இல் ஒஹாயோ மாநிலத்துக்கு இருநூறு வயது. அந்த வருஷ விழா வழக்கத்தைவிடப் பெரிதாக நடக்கும் என்று பேச்சு. ஆர்ஃபாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சாவதற்குள் ஒரு தடவை அந்த நிழலில் உட்கார வேண்டும், ஒலிபெருக்கியில் கிரைடர் என்ற பெயரைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

"பட்டியல நம்பாதீங்கம்மா," என்றார் ட்வைட். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்று, நூலகத்தின் வம்சாவளி அறையைப் பார்த்துக்கொள்கிறவர். "விலாசத்த நம்பி நான் நாய்கடி வாங்கினதுதான் மிச்சம். மூலத்தப் பாருங்க. பழைய ஏட்டப் படம் பிடிச்ச சுருள் இருக்கு, வரி வரியாப் படிங்க."

"கண்ணு போயிடும் ட்வைட்."

"உருளைக்கிழங்குல கண்ணு நோண்டின கைதானே? உக்காருங்க."

எட்டு நாள் உட்கார்ந்தாள். அந்தக் காலத்துக் கணக்கெடுப்பாளன் கோழியைப் பிடித்து மையில் முக்கிக் காகிதத்தில் ஓடவிட்டிருந்தான். ஒன்பதாம் நாள் காலை, ஸ்டில்வாட்டர் ஓடைக்கரை வீடுகளில், மூன்றாவது வரியில் ஜேக்கப் கிரைடர். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண் ஒன்று. அதே வயதில் பெண் ஒன்று. பிள்ளைகள் நான்கு.

"அகப்பட்டாருய்யா! ஐயோ, அகப்பட்டாரு!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசையில் செய்தித்தாளுக்கு அடியில் தூங்கிய ஆள் எழுந்து மன்னிப்புக் கேட்டான்.

ட்வைட் பட்டியல் புத்தகத்தை எடுத்து ஒத்துப்பார்த்தார். "வேடிக்கையா இருக்கே. இந்தப் பக்கத்துல முப்பது வீடு. உங்க வரியத் தவிர எல்லாப் பேரும் புத்தகத்துல ஏறியிருக்கு. அடுத்த வரி, கான்ராட் ஹார்ட்மன்."

"லெனோரோட ஆளு. எங்களுக்குப் பக்கத்து வீடா?"

"வலது பக்கமும் படி எடுக்கட்டுமா?"

"வலது பக்கம்னா?"

ஊரிலேயே யாரும் கேட்காத கேள்வி அது. 1820 ஏட்டில் ஒரு குடும்பத்தின் வரி இரண்டு பக்கத்துக்கு ஓடும். பெயர் இருப்பது இடது பக்கத்தில். சங்கத்துக்கு வேண்டியது பெயர். எனவே தொண்ணூறு வருஷமாக எல்லோரும் இடது பக்கத்தை மட்டும் படி எடுத்து, சட்டம் போட்டு, கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். ஆர்ஃபாவோ சமையலறைக்காரி. அண்டாவின் அடிவரை கிளறாமல் இறக்க மாட்டாள்.

"எடு. வந்ததுதான் வந்தோம்."

வலது பக்கத்தில் நிறையக் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. முதல் கட்டத்தின் தலைப்பு, "குடியுரிமை பெறாத அந்நியர்." ஜேக்கப் வரியில் அதற்குக் கீழே ஒன்று. கான்ராட் ஹார்ட்மன் வரியிலும் ஒன்று. அடுத்த ஐந்து வரிகளிலும் ஒன்று, ஒன்று, ஒன்று.

"நாட்டுக்காகச் சண்ட போட்ட மனுஷன்," என்றாள் ஆர்ஃபா மெதுவாக. "நாப்பத்திநாலு வருஷம் கழிச்சும் அந்நியரா?"

ட்வைட் தொண்டையைச் செருமினார். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் தன் காலணியைப் பார்த்தார்.

"அம்மா, இங்கிலாந்து ராஜா ஜெர்மன்காரப் பசங்களக் கூலிக்கு எடுத்தான்ல? அவனுங்க ஊரு ஹெஸ்ஸே. அந்த ஊருப் பிரபு, தலைக்கு இவ்வளவுன்னு பேசி அனுப்பி வச்சான். ட்ரென்டன்ல பிடிபட்டவங்கள பென்சில்வேனியாவுக்குக் கொண்டுபோயி பண்ணை வேலைக்கு விட்டாங்க. பாதிப் பேரு திரும்பிப் போகவே இல்ல. ஹெஸ்ஸேக்காரன் கொடியில என்ன இருக்கும் தெரியுமா?"

"சொல்லாத."

"சிங்கம்."

ஆர்ஃபா கண்ணாடிப் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். எதிரியிடமிருந்து கைப்பற்றிய தொப்பியாம்! தன் தலையிலிருந்து தானே கைப்பற்றினார் போலிருக்கிறது. அப்பா மேல் கோபம் வந்தது, ஜேக்கப் மேல் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக வலது பக்கத்துப் பாழாய்ப்போன ஒன்று என்ற எண்ணின் மேல் வந்தது. ஒன்பது வருஷம் அலைந்து ஒரு வீரரைத் தேடிப் பிடித்தால், மறுபக்கத்து வீரர்!

அன்று மாலையே இரண்டு படிகளையும் எடுத்துக்கொண்டு லெனோர் வீட்டுக்குப் போனாள். லெனோர் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பணியாரத்தை வெட்டி வைத்தாள். இடது பக்கத்தைப் படித்துவிட்டு, "அடடே, பாராட்டுகள்டி," என்றாள். வலது பக்கத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்க அம்மாவுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்," என்றாள். "ஓடைக்கரைக் குடும்பம் ஏழு. இப்ப சங்கத்துல இருக்கிற பதினாலு பேருல பதினோரு பேரு அந்தக் கரைதான்."

"அடிப்பாவி! அப்ப ஒன்பது வருஷமா என்னை ஏன் தள்ளி வச்ச?"

"மத்தவளுங்க இடது பக்கத்தோட நின்னுடுவாளுங்க. நீ நிக்க மாட்டேன்னு எங்களுக்குத் தெரியும், அதான் அம்மா உங்க வரிய மட்டும் புத்தகத்துல விட்டுட்டாங்க. எட்டாவது படிக்கும்போதே வாத்தியார் கணக்குல தப்புக் கண்டுபிடிச்சவ நீ." லெனோர் வலது பக்கத்தை மட்டும் நாலாக மடித்து, கரண்டி வைக்கிற இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். "விதி கேக்குறது பேரு. பேரு இருக்கு. வர்ற சனிக்கிழமை ஜேக்கப்புக்குக் கல்லு வெச்சு, துப்பாக்கி மரியாதை குடுத்துடலாம். உனக்கு முதல் வரிசை. கிரீம் போடட்டுமா?"

எழுந்து வந்திருக்கலாம். ஆனால் முதல் வரிசை என்றாளே! ஆர்ஃபா பணியாரத்தைத் தின்றாள், கிரீமும் போட்டுக்கொண்டாள், லெனோர் நீட்டிய மனுவில் கையெழுத்தும் போட்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது வெட்கமாகத்தான் இருந்தது; இருந்தாலும் நீல உடுப்பை இஸ்திரி போட்டாள்.

ஜூலை ஐந்தாம் தேதி, கல்லறைத் தோட்டம். கூடாரம், நாற்காலிகள், எலுமிச்சைச் சாறு. ஆர்ஃபா முதல் வரிசையில், நெஞ்சில் ரிப்பனுடன். புதுக் கல்லில் "தாயகத்தின் வீரர்" என்று பொறித்திருந்தார்கள். எந்தத் தாயகம் என்று பொறிக்கவில்லை, அந்த மட்டில் பொய்யில்லை. கல்லின் மேல் வெல்வெட் திண்டில் தொப்பி. எதிரே அந்தக் கால அமெரிக்கச் சிப்பாய் வேஷத்தில் நீலக் கோட்டு, முழங்கால் வரை வெள்ளைச் சராய் அணிந்து, பழங்காலத் துப்பாக்கியோடு ஆறு பேர். அவர்களுக்குத் தளபதி ஊர்ப் பல் டாக்டர். நிற்கிறவர்கள் கூட்டத்தில் ட்வைட்டும் இருந்தார்.

ஒலிபெருக்கி "கிரைடர்" என்றது. ஆர்ஃபா நெஞ்சில் இருந்த ரிப்பனை நேராக்கிக்கொண்டாள். இதற்காகத்தானே இத்தனை வருஷம்!

"சுடு!" என்றார் பல் டாக்டர்.

முதல் வெடியில் ஆர்ஃபா நாற்காலியோடு துள்ளினாள். புகை கல்லை மூடியது. அன்றைக்கு ஜேக்கப் இருபத்தொரு வயதுப் பையன். பிரபு விற்றுவிட்டான், ராஜா வாங்கிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடிகாலை, பனியில், இதே நீலக் கோட்டுக்காரர்கள் வந்து அவனைச் சுட்டார்கள். தப்பிப் பிழைத்து, யார் யார் வீட்டிலோ எண்ணாக இருந்து, கடைசியில் ஒரு வரியில் சொந்தப் பெயர் வாங்கி, மழையில் பால் கறந்து, இந்த மண்ணுக்கு அடியில் படுத்தால், இங்கேயும் வந்துவிட்டார்கள்.

"சுடு!"

இரண்டாவது வெடிக்கு ஆர்ஃபா எழுந்துவிட்டாள்.

"நிறுத்துங்கப்பா! போதும்! இவர ஏற்கெனவே ஒரு தடவ சுட்டாச்சு!"

துப்பாக்கிகள் பாதியில் நின்றன. எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்த பெண் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"வெயிலு தலைக்கேறிடுச்சு இவளுக்கு," என்று லெனோர் சிரித்துப் பார்த்தாள். "உக்காருடி ஆர்ஃபா."

"உக்காந்து பாத்தாச்சுடி. நல்லாத்தான் இருக்கு, ஆனா தாத்தாவச் சுடுறதப் பாத்துக்கிட்டு உக்கார முடியல." அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டுக்கங்க. எங்க ஜேக்கப் உங்க பக்கம் இல்ல. அந்தப் பக்கம். கூலிச் சிப்பாயி. அந்தத் தொப்பி யாருகிட்டேயும் பிடுங்கினது இல்ல, அவரோடதுதான். எங்க அப்பா சொன்னது பொய். இத்தன நாளா நான் சொன்னதும் பொய். தெரிஞ்சே போன வாரம் கையெழுத்துப் போட்டேன் பாருங்க, அது பெரிய பொய்."

ரிப்பனைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

பல் டாக்டர் தன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஏம்மா, அப்ப இதே வரிசையில இருக்கிற மத்த ஆறு ஓடைக்கரைக் கல்லு? போன வருஷம் ஹார்ட்மன் கல்லுக்கு மூணு தடவ சுட்டோமே?"

நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. பதினோரு சீமாட்டிகளுக்கு அந்த நிமிஷம் கைப்பையில் ஏதோ அவசரமாகத் தேட வேண்டியிருந்தது.

"அத லெனோர்கிட்ட கேளுங்க," என்றாள் ஆர்ஃபா. "வலது பக்கம் அவகிட்டதான் இருக்கு. கரண்டியோட."

வெல்வெட் திண்டிலிருந்து தொப்பியை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு போக அது கனமாக இருந்தது. அதனால் தலையில் மாட்டிக்கொண்டாள். நிழலை விட்டு வெளியே வந்து, புல்வெளியைத் தாண்டி, நிற்கிறவர்களோடு போய் நின்றாள். வெயிலில் சிங்கம் பளபளத்தது. ட்வைட் நகர்ந்து இடம் விட்டார்.

"கச்சிதமாப் பொருந்துதேம்மா," என்றார்.

"பொருந்தாம? எங்க வீட்டுத் தொப்பிதானே."