அபராதம் என்ன, சாமி?

பாஸ்டரம்மாவின் கணவர் எதையும் மறைக்கத் தெரியாதவர். அவளுடைய தம்பியோ எதையும் சொல்லத் தெரியாதவன். கணவர் பாஸ்டர், தம்பி கத்தோலிக்கச் சாமியார். கல்யாணத்துக்கு முன் அவளும் பூசைக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஆராதனைக்குப் போகிறாள். இரண்டு பக்கத்துச் சமையலறையும் எனக்கு அத்துப்படி, என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பாள். அது வெறும் பெருமையில்லை.

சாமியார் தம்பி தனி ஆள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அவனும் சுவரும்தான். கேட்டதெல்லாம் அவனோடேயே இருக்கும். சின்ன வயதில் அவனுக்கு அவள் வைத்த பெயர் கல்லுளிமங்கன். அந்தத் தொழிலுக்கென்றே பிறந்தவன். பாஸ்டர் வீடு அப்படியா? அழைப்பு மணி ஓயாது. சபையில் யாருக்கு வேலை போனது, யார் மகன் பேசுவதில்லை எல்லாம் சாப்பாட்டு மேசைக்கு வந்தாக வேண்டும். பாஸ்டருக்கு அவளிடம் சொன்னால்தான் ஜெபமே ஓடும். அவளும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், யாரை விட்டுப்பிடிக்க வேண்டும் என்று அவள் சொல்வாள், அவர் செய்வார். சபையின் பாதிப் பாரம் அவள் தோளில்தான் என்பது சபைக்கே தெரியும்.

அன்று மாலை பாஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது முகமெல்லாம் பல். காலையில் ஞானஸ்நானம் கொடுக்கப் போட்ட வெள்ளை அங்கியைக் கழற்றக்கூட இல்லை. ஆஸ்பத்திரியின் ஜெப அறை மச்சானுக்கும் அவருக்கும் பொது. மதியம் மச்சானுடைய முறை. அவனுக்குக் கல்லறையில் ஓர் அடக்கம் வந்துவிட்டதால் இவர் போய் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு ஒரு மனுஷன் வந்தாரு பாரு, என்ன ஒரு உடைஞ்ச மனசு! ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்துக்கு நான் தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தேனில்ல? கர்த்தரே கொண்டுவந்து கொடுத்துட்டாரு."

"யாரு வந்தாங்க?"

"வேன் ஓட்டுறவராம். நாளைக்குக் காலையில நெஞ்சுல ஆபரேஷன். நர்ஸு கூட்டிட்டு வந்து, சாமியார் உள்ளதான் இருக்காருன்னு விட்டுட்டுப் போயிட்டா. அவளுக்கு அங்கி போட்ட எல்லாரும் சாமியார்தானே. வந்தவரு என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கல. நாற்காலிக்குப் பக்கத்துல மண்டி போட்டு மளமளன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. ஒரே அழுகை. நானும் தலையில கை வெச்சு நல்லா ஜெபம் பண்ணினேன். கடைசியில ஒண்ணு கேட்டாரு பாரு, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு."

"என்ன கேட்டாரு?"

"'அபராதம் என்ன, சாமி?'ன்னாரு. பாவம், ஆஸ்பத்திரியில அழுதா ஃபைன் போடுவாங்கன்னு பயந்துட்டாரு போல. அபராதமெல்லாம் ஒண்ணும் கிடையாதுய்யா, எல்லாம் இலவசம், தைரியமாப் போங்கன்னு அனுப்பிட்டேன்."

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது. செய்த பாவத்தைச் சாமியாரிடம் மண்டியிட்டுச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் அவர் விதிக்கும் பரிகாரத்துக்குப் பெயர்தான் அபராதம். இத்தனை ஜெபம் சொல், இன்னாரிடம் போய் மன்னிப்புக் கேள் என்று சாமியார் சொல்வார். கேட்டதை மட்டும் உயிரே போனாலும் வெளியில் சொல்ல மாட்டார். சின்னப் பிள்ளையில் அவளே எத்தனை தரம் மண்டியிட்டுக் கேட்டிருக்கிறாள்!

"அய்யோ, அது ஃபைன் இல்லீங்க! அந்த மனுஷன் உங்ககிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்காரு. உங்களை என் தம்பின்னு நினைச்சு!"

பாஸ்டர் விழித்தார். பிறகு சமாளித்துக்கொண்டார். "அதனால என்ன? கேட்டது கர்த்தர்தானே? விஷயத்தைக் கேளு முதல்ல. அவரு யாரு தெரியுமா? நம்ம கீபோர்டு தம்பியோட அண்ணன்!"

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கீபோர்டு தம்பி அவர்கள் சபையில் வாசிப்பவன். கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவன். வந்த நாளிலிருந்து அவன் அப்பா அவனோடு பேசவில்லை. அவர் இறந்தபோது வாசல் வரை போனவனிடம், "கடைசி வரைக்கும் அப்பா உன் பேரையே எடுக்கல" என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அந்தப் பையன் பாடுவதை விட்டுவிட்டான். விரல் மட்டும் வாசிக்கும், வாய் திறக்காது. அவளுக்குப் பிள்ளையில்லை. ஞாயிறுதோறும் அவனுக்கு ஒரு தட்டு எடுத்துவைப்பது வழக்கமாகி, அவன் அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டிருந்தான்.

"அது பச்சைப் பொய்யாம். அப்பா இவனைத்தான் கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. அண்ணன்காரன் வயித்தெரிச்சல்ல மறைச்சிட்டான். அவங்கப்பா கடைசியா என்ன சொன்னாருன்னா..."

"போதும்! சொல்லாதீங்க!"

"ஏன்?"

"அது உங்களுக்கும் வந்த சேதி இல்ல, எனக்கும் வந்த சேதி இல்ல. வாயை மூடுங்க."

இருபது வருடக் குடித்தனத்தில் அவள் அவரைப் பேசாதே என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கைபேசியை எடுத்தார். "சரி, உனக்குச் சொல்லல. கீபோர்டு தம்பிக்குச் சொல்லிடுறேன். அந்தப் பையன் வருஷக்கணக்கா வெந்துக்கிட்டு இருக்கான். மருந்தைக் கையில வெச்சுக்கிட்டுக் கொடுக்காம இருக்கறதுதான் பாவம்."

அவள் எழுந்து கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். "அந்த மனுஷன் யாரை நம்பிச் சொன்னாரு? தலையைச் சீவினாலும் சொல்லாத ஒருத்தனை நம்பிச் சொன்னாரு. நீங்க போய்க் கொட்டினா, நாளைக்கு இந்தக் கோயிலும் வேண்டாம் அந்தக் கோயிலும் வேண்டாம்னு போயிடுவாரு."

"நாளைக்கு ஆபரேஷன்ல அவருக்கு ஒண்ணு ஆயிட்டா?" என்றார் பாஸ்டர். இப்போது அவர் குரலில் விளையாட்டில்லை. "அவரோட அதுவும் போயிடும். அப்புறம் அந்தப் பையனை வெச்சுக்கிட்டு நான் ஆயுசுக்கும் வாயை மூடிட்டு இருக்கணுமா?"

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. "ஆமா. அதனாலதான் இப்பவே போறோம். சட்டையை மாத்துங்க. அங்கி வேண்டாம்."

சாமியார் தம்பிக்கு அவளே போன் போட்டாள். "ஆஸ்பத்திரிக்கு வா. யாரு, எதுக்குன்னு கேக்காத."

"சரிக்கா" என்றான். கேட்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவைத்தாள்.

வார்டில் டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்ட வெட்டிய தலை, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. பாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கதவோரம் நின்றாள். மேடையில் மைக் இல்லாமல் கூரையைக் கிழிக்கும் பாஸ்டரின் குரல் அன்று தொண்டையைத் தாண்டி வரவில்லை.

"அண்ணே, மதியம் ஜெப அறையில இருந்தது நான்தான். நான் சாமியார் இல்ல. பாஸ்டர். உடனே சொல்லியிருக்கணும். நீங்க எதுக்கு வந்தீங்கன்னு அப்ப எனக்குப் புரியல."

டிரைவரின் முகம் சுண்டிவிட்டது. "பாஸ்டரா? எந்தச் சபை?"

பாஸ்டர் சொன்னார். டிரைவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவன்கிட்ட..."

"சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா என் சம்சாரத்துகிட்ட கொஞ்சம் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

டிரைவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் நின்றாள். "என்னைத் தாண்டிப் போகாதுண்ணே. இவரு வாயைக் காவல் காக்கத்தான் நானே கூட வந்திருக்கேன்."

அவ்வளவு கலவரத்திலும் அந்த மனிதருக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே அடங்கியும் போனது. "அப்ப எனக்குக் கிடைச்ச மன்னிப்பு செல்லாதா?"

பாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் படித்த வேதம் முழுக்க அவர் வாயில் வந்து நின்றது. மனிதன் நடுவில் எதற்கு, கேட்டவுடன் கடவுள் மன்னித்தாயிற்று என்று ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். அது அவர் மனதார நம்புவதும்கூட. அவர் எல்லாவற்றையும் மென்று முழுங்கியது கழுத்தில் தெரிந்தது.

"எனக்குத் தெரிஞ்சதை நான் சொன்னா உங்க மனசு ஆறாதுண்ணே. நீங்க தேடி வந்தவரு வெளியில நிக்கிறாரு. அனுப்பட்டுமா?"

அந்த நிமிடம் அவளுக்கு அவர்மேல் வந்த மதிப்பு, அவருடைய எந்தப் பிரசங்கத்துக்கும் வந்ததில்லை.

சாமியார் தம்பி பையிலிருந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடும் ஊதா நிறப் பட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். திரை இழுபட்டது. பாஸ்டர் நடைபாதையில் குட்டி போட்ட பூனைபோல் நடந்தார். அவள் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கேட்டதைத் தம்பி வெளியில் விடமாட்டான் என்பதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அவன் வெளியே வந்து பட்டையை மடித்தான்.

"என்ன மச்சான்? என்ன அபராதம் போட்ட?" என்று பாஸ்டர் ஓடினார்.

"மழை வரும்போல இருக்கு அத்தான். ஜன்னலெல்லாம் சாத்திட்டு வந்தீங்களா?" என்றான் கல்லுளிமங்கன்.

பாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பும் பொருமலும் சேர்ந்து வந்தன. அவர்கள் கிளம்ப எழுந்தபோது கீபோர்டு தம்பி படியேறி ஓடிவந்தான். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது.

"ஐயா! அம்மா! நீங்க இங்க என்ன பண்றீங்க? எங்கண்ணன் போன் பண்ணுச்சு. நாளைக்கு ஆபரேஷனாம், உடனே வான்னுச்சு."

பாஸ்டர் வாயைத் திறந்தார். அவள் திரும்பக்கூட இல்லை. அவரே மூடிக்கொண்டார். "போப்பா. அண்ணன் உள்ளதான் இருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

பையன் உள்ளே போனான். யாரும் கிளம்பவில்லை. பிறகு சண்டைபோல் ஒரு குரல் உயர்ந்தது, "ஏன்ணே? ஏன் அப்படிச் சொன்ன?" என்று. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் இரண்டு ஆண்கள் அழும் சத்தம். பாஸ்டர் கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்தார். சாமியார் தம்பி ஜெபமாலையை உருட்டினான். அவள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

வெகுநேரம் கழித்துப் பையன் வந்தான். நேராக அவளிடம் வந்து தரையில் உட்கார்ந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டான்.

"அம்மா, எங்கப்பா என்னைக் கேட்டிருக்காரும்மா."

தெரியாததுபோல் நடிக்க வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் முகத்தைத் தயார் செய்துகொண்டு வந்தவள். எந்த முகமும் தேவைப்படவில்லை. கேள்வி தானாகவே வந்தது, கண்ணீரோடு.

"என்ன சொன்னாருடா?"

"'சின்னவனைக் கூப்பிடு. எந்தக் கோயில்ல பாடினாலும் எம்புள்ள பாட்டு எனக்குக் கேக்குதுன்னு சொல்லு'ன்னாராம்."