பதினேழு குறையுள்ள வீடு

வீடு வாங்கப் போகிற இடத்தில் முகத்தைச் சுளித்துக்கொள்ள வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். பிடித்துவிட்டது என்று கண் காட்டிக் கொடுத்துவிட்டால் விலை ஏறிவிடும். அதனால்தான் பாண்டிதுரை, வ. புதுப்பட்டிக்கு வண்டியில் போகும்போதே பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடம் சொல்லிவைத்தான்.

“ஏட்டி, அங்க வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்காத. குறையாச் சொல்லு. ஒனக்குச் சொல்லியா தரணும்?”

யுவராணிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லைதான். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் செக்கிங் பார்க்கிறாள். வெள்ளைத் துணி மேஜைமேல் ஓடிக்கொண்டே இருக்கும். இழை அறுந்த இடம், முடிச்சு விழுந்த இடம், ஊசிமுனை அளவு எண்ணெய்க் கறை என்று எது வந்தாலும் அவள் கையிலிருக்கும் சிவப்புப் பென்சில் தானாகப் போய்ச் சுழித்துவிடும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மாப்பிள்ளை வேட்டியில் எங்கே இழை போயிருக்கிறது என்று அவள் கண் தேடும்.

ஆனால் அவள் அவனிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த வீட்டை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். பாண்டிதுரை பட்டாளத்திலிருந்து வந்தபிறகு புதுப்பட்டியில் தகப்பன் விட்டுப்போன தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். அவனுக்குச் சோறு கொண்டுபோன நாளில் பஸ் ஜன்னல் வழியாக அந்த ஓட்டு வீடும் ‘விற்பனைக்கு’ என்று எழுதிய தகரமும் கண்ணில் பட்டன. மறுவாரம் வேண்டுமென்றே அந்தத் தெருவழியே நடந்து போனாள். கம்பெனிக்காரர்கள் புதுப்பட்டிக்குப் பக்கத்திலிருக்கும் கிருஷ்ணன்கோவிலில் புதுக் கொட்டகை போட்டு அவளை அங்கே மாற்றுகிறோம் என்று சொன்ன அன்றைக்கு, அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தகரம்தான்.

வீட்டு வாசலில் புரோக்கர் மாரீஸ்வரன் நின்றான். பாண்டிதுரையை ஓரமாக இழுத்துக் குசுகுசுத்தான்.

“அண்ணே, வீட்டுக்காரரு வாயத் தொறக்க முன்னாடி சரின்னு சொல்லிருங்க. மூணு வருசமா நான் ஆள் கூட்டியாரேன், அவரு பேசிப் பேசியே வெரட்டி விட்டுருதாரு.”

“சண்டக்காரரா?”

“சண்டக்காரரா இருந்தாப் பரவாயில்லையே. நெசத்தச் சொல்லுதாரு.”

வீட்டுக்காரர் சத்தியநேசன் கதவைத் திறந்தார். எழுபது வயதிருக்கும். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பவம் நடந்த இடத்துக்குப் போய், எது எங்கே எப்படி இருக்கிறதோ அதை உள்ளது உள்ளபடி மகஜர் எழுதுவதுதான் அவருடைய முப்பது வருட வேலை. மனைவி காலமாகிவிட்டார். மகள் அக்சா இராஜபாளையத்தில் இருக்கிறாள், அப்பாவை வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே நுழைந்ததும் யுவராணியின் வாய் தானாகத் திறந்துகொண்டது. சிவப்புத் தரை. தேக்கு உத்திரம். வெயிலைப் பொடித்துப் பொடித்து உள்ளே விடுகிற ஓட்டுக் கூரை. முகப்பில் சுதையால் செய்த சின்னச் சிலுவை, அதன் கீழே 1934 என்று வருடம். பாண்டிதுரை தொண்டையைக் கனைத்தான். அவள் சட்டென்று முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

“இந்தா, இங்கிட்டுத் தரை வெடிச்சிருக்கு.”

“ரெண்டு எடத்துலம்மா,” என்றார் சத்தியநேசன். “கட்டிலுக்கு அடியில இன்னொண்ணு இருக்கு. குனிஞ்சு பாருங்க.”

“சுவர்ல விரிசல்.”

“வடக்குச் சுவர், தரையிலருந்து நாலடி ஒசரம், கிழக்கு மேற்கா மூணடி நீளம். போன மழைக்கு அரையங்குலம் கூடியிருக்கு.”

மாரீஸ்வரன் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். இனி நடப்பது அவனுக்குத் தெரியும்.

யுவராணிக்கோ வேலை சூடு பிடித்துவிட்டது. பதினெட்டு வருடப் பழக்கம், நிற்குமா? கதவு அடியில் உளுத்திருக்கிறது, ஜன்னல் கொக்கி ஒன்று இல்லை, கரையான் ஏறின தடம் இருக்கிறது, கிணற்று உறை சரிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். பின்னாலேயே வந்த சத்தியநேசன் ஒவ்வொன்றுக்கும் நீளம் அகலம் சொல்லி ஆமோதித்தார். பாண்டிதுரை பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பதினொன்று சொன்னாள். அவள் மூச்சு வாங்கிய நேரத்தில் அவர் இன்னும் ஆறு சொன்னார். மூன்றாவது உத்திரத்துக்குக் கீழே ஒழுகும், ஐப்பசியில் அடுப்படிக்குள் தவளை வரும், முகப்புச் சிலுவையை எடுக்க நினைத்தால் முகப்பே உதிர்ந்துவிடும் என்று.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எல்லாரும் நான் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிடுவாக. நீங்க பாத்ததுமே பதினொண்ணு சொல்லிட்டீக. இவ்வளவு தெரிஞ்ச பொம்பளப்பிள்ள தலையில இந்த வீட்டக் கெட்டுனா எனக்கு மனசு கேக்காதும்மா. நீங்க போயிட்டு வாங்க. மதுரையில ஒரு மர வியாபாரி கேட்டுக்கிட்டு இருக்காரு. இடிச்சு மரத்தயும் ஓட்டையும் எடுத்துக்கிடட்டும். அவருக்குச் சுவர் எப்படி இருந்தா என்ன?”

யுவராணி ஒருதரம் உத்திரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

பாண்டிதுரை வெளியே வந்து வண்டியை எடுத்தான். “என்ன மனுசன்டா இவன். குறை சொன்னா விலையக் கொறைப்பாகன்னு பாத்தா, வீட்டையே இல்லங்கான்.”

வத்திராயிருப்பு வந்தது. கடைவீதி தாண்டியது. அவளுக்குக் கண்முன்னால் அந்த உத்திரங்கள் ஒவ்வொன்றாக லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. தன் வாயால் பதினொன்று சொல்லித் தானே இடிக்கச் சொன்னதுபோல இருந்தது.

“வண்டியத் திருப்புங்க.”

“எதுக்கு?”

“திருப்புங்கங்கேன்.”

அவள் குரலைக் கேட்டு அவன் திருப்பிவிட்டான்.

சத்தியநேசன் அதே நாற்காலியில் இருந்தார். மாரீஸ்வரன் அவருக்கு மர வியாபாரியின் போன் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான்.

“சார், நான் குறை சொன்னதெல்லாம் விலைக்காகச் சொன்னது,” என்றாள் யுவராணி.

அவர் நிமிர்ந்தார். “அப்போ பொய்யா?”

“பொய்யில்ல. அம்புட்டும் நெசம். ஆனா எனக்கு இந்த வீடு வேணும்.”

“குறை இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் வேணும்? அதச் சொல்லுங்க.”

அவர் கேட்டவிதம் ஸ்டேஷனில் வாக்குமூலம் கேட்பதுபோலத்தான் இருந்தது. ஆனால் குரலில் அதட்டல் இல்லை. அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“நாங்க இருக்கது லைன் வீடு சார். பட்டப் பகல்ல லைட்டப் போட்டுத்தான் அரிசி களையணும். கம்பெனியிலயும் டியூப் லைட்டுதான். காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் வெள்ளத் துணி. கண்ண மூடுனாலும் வெள்ளையாத்தான் தெரியும். ஒங்க அடுப்படி ஜன்னலு, உக்காந்து காய் வெட்டுத ஒசரத்துல இருக்கு. அதுல வேப்பமரம் தெரியுது. அம்புட்டுத்தான் சார். எனக்கு வேற சொல்லத் தெரியல.”

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவளே தொடர்ந்து, “நாங்க குறையுள்ள துணியத் தூக்கிப் போடுறதில்ல சார். குறையிருக்கிற எடத்த வெட்டிட்டு மிச்சத்தச் சின்னச் சுருளாச் சுத்துவோம். அதுவும் ஒருத்தர் காயத்துக்கு ஆகும்” என்றாள்.

“சிலுவை?”

“அது பாட்டுக்கு இருக்கட்டும். நாங்க நெலைக்கு மஞ்சப் பூசிக்கிடுதோம்.”

சத்தியநேசன் எழுந்துபோய் ஒரு முழுத்தாளும் பேனாவும் எடுத்து வந்தார். பதினேழையும் எண் போட்டு, அச்சு மாதிரி எழுத்தில் எழுதினார். எழுதியதை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். கடைசியில், படித்துக் காட்டக் கேட்டோம், சரியாக உள்ளது என்று ஒரு வரி சேர்த்து இரண்டு பேரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். சாட்சிக்கு மாரீஸ்வரன் போட்டான்.

“பதினஞ்சு வருசமா வீடு வித்துக் குடுக்கேன்,” என்றான் அவன், “குறைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது இன்னைக்குத்தான்.”

பாண்டிதுரை மெல்ல, “விலையில கொஞ்சம்...” என்று இழுத்தான்.

“இந்தப் பதினேழையும் கழிச்சுட்டுத்தான் தம்பி விலையே சொல்லியிருக்கேன்.”

யுவராணி சிரித்துவிட்டாள். சுளித்த முகத்தை வைத்துக்கொள்ள இனி அவசியமில்லை பாருங்கள்.

ஆவணியில் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். வடக்குச் சுவர் விரிசலைப் பாண்டிதுரை பூசினான். கதவின் அடியை ஆசாரியை வைத்து மாற்றினார்கள். அந்தத் தாளில், முடிந்த குறைக்கு நேரே அவள் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். ஐப்பசி மழை பிடித்தபோது பட்டியலில் சொன்னபடியே மூன்றாவது உத்திரத்துக்குக் கீழே சொட்டியது. ஆனால் அவள் அங்கே முன்கூட்டியே குடத்தை வைத்திருந்தாள். தவளையும் வந்தது. “பதிமூணாம் நம்பரு வந்துட்டாரு,” என்று பாண்டிதுரை அதை முறத்தில் ஏந்தி வெளியே விட்டான்.

இரண்டு நாள் மழை விட்ட காலையில் அவள் பின்வாசலைத் திறந்தாள். அப்படியே நின்றாள். பிறகு உள்ளே வந்து, இராஜபாளையத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்ட சத்தியநேசனுக்குப் போன் போட்டாள்.

“சார், யுவராணி பேசுதேன். பட்டியல்ல ஒண்ணு விட்டுப்போச்சு.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. “எங்கம்மா? மேக்குச் சுவரா? ஊறுதா? நான் அம்புட்டையும் பாத்துத்தான எழுதுனேன்.”

“குறையில்ல சார். மழை பேஞ்சா பின்வாசல்ல நின்னு பாத்தாலே மலையில அருவி விழுறது தெரியுது. துணியக் கிழிச்சுத் தொங்கவிட்டாப்ல வெள்ளையா. இத ஏன் சார் சொல்லவே இல்ல? விலை கூடக் கேட்டிருக்கலாம்லா?”

“அது வீட்டோட நாலு எல்லைக்குள்ள வராதும்மா. அத எப்படி நான் கணக்குல சேக்க?”

“அப்போ நான் எழுதிக்கிடுதேன்.”

“குறைப் பட்டியல்லயா?”

“தாளுக்கு மறுபக்கம் சும்மாதான சார் கெடக்கு.”

அவர் சிரிப்பது கேட்டது. “தேதி போட்டு எழுதும்மா,” என்றார்.

அவள் பீரோவிலிருந்து தாளை எடுத்துத் திருப்பினாள். அடுப்படி ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, தேதியைப் போட்டு, சிவப்புப் பென்சிலால் ஒன்று என்று எழுதினாள். பக்கத்தில் பால் பொங்க ஆரம்பித்திருந்தது. பாண்டிதுரை வந்து அதை இறக்கிவைத்தான்.