முப்பதாம் நம்பர் எண்ணெய்

“பழைய எண்ணெயக் கொஞ்சம் போத்தல்ல கொண்டாந்திருந்தா பாத்துச் சொல்லியிருப்பேனே.”

“அது தூணுல இருக்குங்க மொதலாளி.”

“எந்தத் தூணுல?”

“கோயில் தூணுல. அந்தோனியார் திருநாளுக்குப் பந்தல் போடுறோம். கறையான் ஏறக் கூடாதுன்னு கால் எல்லாத்துக்கும் பூசியாச்சு.”

எண்ணெய்க் கடை ஸக்கரியா முதலாளி சிரிக்கவில்லை. சிரித்தவன் லோரன்ஸ்தான்.

“பாத்தீங்களா மொதலாளி, மெஷின் குடிக்க வேண்டியத அந்தோனியார் குடிச்சிட்டாரு. தொலஞ்சத எடுத்துக் குடுக்கிறவரு அவருதான். மாப்புள, நீ அவருகிட்டயே போய்க் கேளு.”

மாப்பிள்ளை என்றது இஞ்ஞாசியை. லோரன்ஸின் தங்கை தெரேசாவைக் கட்டியவன் அவன். இருவரும் மாத்தளைக்கு மேலே உள்ள ஒரே தோட்டத்துக்காரர்கள். லோரன்ஸ் தேயிலை ஃபெக்டரியில் எஞ்சின் ஓட்டுகிறான். இஞ்ஞாசி துரைமாரின் கிளப் மைதானத்தில், ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டு மெஷினை ஓட்டுகிறான். அந்த ஆசனத்தில் உட்கார்ந்து புல்லின் மேல் மெதுவாகப் போகும்போது, கரையே இல்லாத ஏதோ ஒரு தண்ணீரில் படகு விடுவதுபோல அவனுக்குத் தோன்றும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

தோட்டத்தில் எந்த எஞ்சினிலிருந்து ஓடிக் கறுத்த கரி எண்ணெய் இறக்கினாலும், அது முதலில் கேட்டவருக்குத்தான். கதவு நிலைக்கும் மாட்டுக் கொட்டில் காலுக்கும் அதைப் பூசுவார்கள். திருநாள் கமிட்டி கேட்டதும், மெஷின் எண்ணெயை மாற்றும் காலம் வந்துவிட்டதென்று இஞ்ஞாசி முழுவதையும் இறக்கிக் கொடுத்துவிட்டான். புது எண்ணெயைத் தோட்டத்து ஸ்டோரில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான். ஸ்டோரில் இருந்தது ஃபெக்டரிக்கு ஊற்றும் நாற்பதாம் நம்பர் பீப்பா ஒன்றுதான். மெஷினுக்கு எந்த நம்பர் என்று எழுதியிருந்த தகடு எப்போதோ தேய்ந்து மொட்டையாகியிருந்தது. நாளைக் காலை மைதானத்தில் துரைமாரின் பந்தாட்டம். அதற்கு முன் புல் வெட்டியாக வேண்டும்.

“நாப்பதையே ஊத்துன்னு சொன்னேன், கேக்க மாட்டேங்கிறான்” என்றான் லோரன்ஸ். “எங்க எஞ்சின் நாப்பதுலதான் இத்தன வருஷமா ஓடுது.”

“ஒங்க எஞ்சின் ஒரு ஊடு அளவு ஈக்கிது. தண்ணியில ஆறுது” என்றார் ஸக்கரியா. “இது காத்துல ஆறுற சின்னச் சாமான். விடியக் காலக் குளிருக்கு நாப்பது கட்டியா நிக்கும். எண்ணெ மேல ஏற முந்தி இரும்பும் இரும்பும் ஒரசிரும். முப்பதுதான் ஊத்தணும்.”

“அப்ப முப்பதக் குடுங்க” என்றான் இஞ்ஞாசி.

“குடுக்கலாம். ஆனா ஒரே ஒரு தகரம்தான் ஈக்கிது. அது கலேவெல மக்கீன் நானாவுக்கு. தண்ணிப் பம்புக்கு வேணும்னு சொல்லி அனுப்பியிருந்தார், நானும் வார்த்த குடுத்துட்டேன். இன்னைக்கி ஜும்ஆவுக்கு வந்து, தொழுதுட்டு எடுத்துட்டுப் போவார்.”

“கண்டியில கெடைக்காதா?”

“போன கெழம கண்டியில இருந்து ஒருத்தர் வந்து என்கிட்ட கேட்டுட்டுப் போனார். கவர்மெண்டு வெளிநாட்டுச் சாமான் வாறத நிப்பாட்டினதுல இருந்து இப்பிடித்தான்.”

பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கான பாங்கு கேட்டது. ஸக்கரியா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கதவைச் சாத்தவில்லை. வாசலின் இரு பக்கமும் அடித்திருந்த ஆணிகளின் மேல் ஒரு கழியைக் குறுக்கே வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனார். அந்தத் தெருவில் வெள்ளிக்கிழமை நடுப்பகலில் எல்லாக் கடைகளும் அப்படித்தான் நின்றன. ஓர் ஆட்டைக்கூடத் தடுக்க முடியாத கழிகள்.

இருவரும் வாசல் ஓரம் குந்தினார்கள். மேசையின் மேல், கழிக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில் அந்தச் சின்னத் தகரம் இருந்தது. பச்சை நிறம். மூடி இன்னும் உடைக்கப்படவில்லை.

“எட்டி எடுத்துட்டு, காச வச்சிட்டுப் போயிரலாம்” என்றான் லோரன்ஸ்.

“சும்மா இரு மச்சான்.”

“சும்மா இருந்தா கணபதி மாதிரி கான் வெட்டப் போவ.”

இஞ்ஞாசிக்கு முன்பு மெஷினை ஓட்டியவன் கணபதி. அவன் கையில் எஞ்சின் இறுகிப்போனது; இப்போது தேயிலை மலையில் கான் என்னும் வடிகால் வெட்டுகிறான். குடித்துவிட்டு எண்ணெய் ஊற்ற மறந்தான் என்றார்கள் சிலர். ஊற்றினான், தவறான எண்ணெயை ஊற்றினான் என்றார்கள் வேறு சிலர். அந்த எஞ்சினைக் கழற்றிச் சரிசெய்து இஞ்ஞாசியிடம் கொடுத்தபோது, இன்னொரு முறை இறுகினால் மாற்ற உதிரிப்பாகம் கிடையாது என்று கிளப் செக்ரட்டரி துரை சொல்லியிருந்தார். மெஷின் போனால் கிளப்புக்குப் பின்னால் அவனுக்குக் குடியிருக்கக் கொடுத்த அறையும் போகும். தெரேசா வயிற்றுப் பிள்ளையோடு திரும்பத் தொழிலாளர் லயத்துக்குப் போக வேண்டும். அவள் இப்போது குழாயடியில் வெங்காயத் தாள் நட்டிருக்கிறாள்.

“தூணுக்குப் பூசினப்ப” என்றான் இஞ்ஞாசி, “மெஷின் எண்ணெ முழங்கை வரைக்கும் வழிஞ்சிச்சு. ஒங்க ஃபெக்டரி எண்ணெயும் பூசினோம், அது வழியல. அப்ப இது முப்பதாத்தான் இருந்திருக்கும்.”

“ஓடின எண்ணெ எல்லாமே இளகித்தான் போகும். பெட்ரோல் கலந்துரும்ல?”

அதுவும் உண்மைதான் என்று இஞ்ஞாசிக்குத் தெரியும். ஆனாலும் அவன் முப்பதென்று முடிவுசெய்துவிட்டான். தகரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு காகம் கழியின் மேல் வந்து உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பறந்தது.

தொழுகை முடிந்து ஸக்கரியா வந்தபோது கூடவே ஒரு மெலிந்த மனிதர் வந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தில் காய்ந்த சேறு. “மக்கீன் நானா இவர்தான்” என்றார் ஸக்கரியா, கழியை எடுத்துச் சுவரில் சாய்த்தபடி. “நா வார்த்த குடுத்துட்டேன், இனி நடுவுல வர மாட்டேன். நீங்களே பேசிக்கங்க.”

மக்கீன் தகரத்தை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். “செவ்வாக்கெழமையில இருந்து பம்பு நிக்கிது” என்றார். “வயல் வெடிக்கத் தொடங்கிட்டு.”

இஞ்ஞாசி தன் கதையைச் சொன்னான். தூணையும் மறைக்காமல் சொன்னான். பாதிப் பாதியாகப் பிரிக்கலாமா என்று லோரன்ஸ் கேட்டான். பாதி எண்ணெயில் இரண்டும் ஓடாது என்றார் ஸக்கரியா.

மக்கீன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, கேலி இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார்:

“புல்லுதானே? வளந்தா என்ன தம்பி?”

“வளந்தா ஒன்னும் இல்லங்க நானா. புல்லுக்கு ஒன்னும் ஆகாது. அது மேல ஓட்டுற மெஷின்ல இருந்து நா எறங்கணும், அவ்வளவுதான்.”

பஸ் நிலையத்திலிருந்து கலேவெல பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. மக்கீன் தெருவைப் பார்த்தார். தகரம் அவருடைய இரு கைகளுக்கும் நடுவில் இருந்தது. இஞ்ஞாசி வாசல்படியிலிருந்து எழுந்து நின்றான்.

“நானா, நாளைக்கு ஒரு காலைக்கு மட்டும் அத எனக்கு விட்டுக் குடுங்க. ஆட்டம் முடிஞ்ச கையோட மெஷின்ல இருந்து எறக்கி, ஒரு சொட்டு கொறையாம நானே ஒங்க வயலுக்குக் கொண்டாந்து தாறேன்.”