இரண்டாம் நிமிடம் நான்காம் வினாடி

பழைய பாட்டுகள் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. ஒவ்வொரு பாட்டும் தன்னைப் பாடியவரின் பிறந்த வீட்டைத் தேடிப் போய், முற்றத்தில் ஆள் உயரத்தில் நின்று பாடியது. அதில் புதினம் ஒன்றுமில்லை. தன் தங்கை தவமலரின் குரலைச் சுற்றி அடுத்த வளவு அருளம்பலம் வேலி போட்டிருந்ததுதான் இராசநாயகத்துக்குப் புதினமாக இருந்தது.

ஆறு கதியால், நட்டால் துளிர்க்கும் கிளுவைத் தடிகள். இரண்டு வரிசைத் தென்னோலைக் கிடுகு. கட்டு இறுக்கமாக இருந்தது. அருளம்பலம் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலி போடுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இராசநாயகம் முப்பத்தாறு வருடம் தபாலகத்தில் இருந்து தபாலதிபராக ஓய்வு பெற்றவர். எண்பத்தொரு வயதிலும் சாய்மனைக் கதிரையில் சாயாமல் இருப்பார். அவர் தன் பக்கத்து எல்லையில் நின்று கூப்பிட்டார்.

“அருளம்பலம், உது என்ர தங்கச்சியின்ர குரல்.”

“உங்கட வளவுக்குள்ளையோ நிக்குது, போஸ்ற்மாஸ்ரர்?”

“நீ இருவது வருசமா எல்லை வேலியை எங்கட பக்கம் அரக்கினபடியால் உங்காலை நிக்குது.”

“அரக்கினது வேறை கதை. நான் பாட்டுக் கந்தோரிலை பதிஞ்சிட்டன். குரல் என்ர சின்னம்மாவின்ர மகளின்ரை.”

“அவவின்ர பேரென்ன?”

“ஒருவர்.”

இசைத்தட்டின் உறையிலும் பாடியவர் பெயர் அப்படித்தான் இருந்தது.

வால்வெள்ளிகள் என்பது எழுபதுகளில் ஊரில் இருந்த பொப்பிசைக் குழு. மூன்று கிற்றார், ஒரு டிறம், காதை மூடிய தலைமயிர். எழுபத்துமூன்றாம் ஆண்டு ஆனி மாதம் அவர்கள் கடற்கரை வீதி மண்டபத்தில், சனத்துக்கு முன்னால் வைத்து ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்தார்கள். பாடியவள் தவமலர். அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. இராசநாயகம் விஷயம் அறிந்து மண்டபத்துக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் பிறகு ஒருவரிடமும் சொன்னதில்லை. தவமலர் பாட்டை முடித்து, மற்ற வாசலால் இறங்கி, ரயிலேறிப் போய்விட்டாள். இராசநாயகம் அடுத்த கிழமையே இசைத்தட்டுக் கம்பனிக்குக் கடிதம் எழுதி, உறையிலிருந்து குடும்பப் பெயரை எடுக்கச் செய்தார். கம்பனிக்காரர் குடும்பப் பெயரோடு அவள் பெயரையும் எடுத்துவிட்டு, பாடியவர் ஒருவர் என்று அச்சடித்தார்கள்.

அந்த ஒருவருக்கு இப்போது அருளம்பலம் பிறப்புச் சான்றிதழ் எடுத்து வைத்திருந்தார்.

பாட்டு மறுபடி தொடங்கியது. அருளம்பலத்தின் முற்றத்தில் இருபது இருபத்தைந்து பேர் கதிரை போட்டு இருந்தார்கள். எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். தேத்தண்ணி பரிமாறப்பட்டது. ஒருவர் மடித்து வைத்திருந்த பழைய பெல்பொட்டம் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

*லைட்டில்லாச் சைக்கிளிலே போற மச்சான்*
*ஒழுங்கைக்குள்ளை பள்ளமிருக்கு, பெல்லடி மச்சான்*

இராசநாயகம் வீட்டுக்குள் போய் யன்னலைச் சாத்தினார். குரல் வந்த நாளிலிருந்து பாட்டுத் தொடங்கியதும் அவர் யன்னலைச் சாத்துவதுதான் வழக்கம். மச்சான் என்ற சொல்லைத் தங்கையின் வாயிலிருந்து அவரால் கேட்க முடியாது. கேட்பது வேறு, உரிமை வேறு. எங்கள் வீட்டுக் குரல் எங்கள் வளவில் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அவர் வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டி, சால்வையைப் போட்டு, பாட்டுகளின் உரிமையைப் பதியும் அலுவலகமான பழைய பாட்டுக் கந்தோருக்குப் புறப்பட்டார்.

கந்தோர் வட்டமாக இருந்தது. நிலம் கறுப்பாகப் பளபளத்தது. வாசலில் தொடங்கும் நடை, சுற்றிச் சுற்றி உள்நோக்கிப் போனது. நடுவில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் பதிவாளர் திருமதி பெனடிக்ரா இருந்தார். வாசலிலிருந்து மேசைக்குப் போக இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி பிடித்தது. மூன்றாம் நிமிடம் பத்தாம் வினாடியில் மணி அடிக்கும். உடனே நிலம் எல்லோரையும் சுழற்றிக் கொண்டுபோய் வாசலில் விடும். ஆகவே ஒரு ஆளுக்கு இருபது வினாடி கிடைத்தது. ஓடினால் கூடுதலாகக் கிடைக்கும். இராசநாயகம் ஓடுகிற ஆளில்லை.

“பேர்?” என்றார் பெனடிக்ரா.

“சின்னத்தம்பி இராசநாயகம். ஓய்வுபெற்ற தபாலதிபர்.”

“பாடின ஆளின்ர பேர்?”

“தவமலர். என்ர சொந்தத் தங்கச்சி.”

“உறையிலை ஒருவர் எண்டெல்லோ கிடக்கு.”

“அது நான் கடிதம் போட்டு மாத்தினது.”

“அப்ப ஒருவரை உண்டாக்கினதே நீங்கள்தானே, ஐயா.”

மணி அடித்தது.

வாசலில் நின்று சால்வையைச் சரி செய்துகொண்டு அவர் திரும்பவும் நடந்தார். இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி. பெனடிக்ரா ஒரு கடிதக் கோவையைத் திறந்து வைத்திருந்தார்.

“உங்கட வீட்டிலை அவ பாடிறதைக் கேட்ட ஆள் ஆரும் இருக்கினமோ?”

“எங்கட வீட்டிலை பாட விடுறேல்லை.”

“அது இஞ்சையும் கிடக்கு.” அவர் கோவையிலிருந்து வாசித்தார். “எமது குடும்பத்தில் எவரும் பாடுவதில்லை. பாடியதில்லை. இனிப் பாடப்போவதுமில்லை. இப்படிக்கு, சி. இராசநாயகம். இது உங்கட கையெழுத்தோ?”

அவர் பார்த்தார். ஐம்பது வருடத்தில் மை கொஞ்சமும் மங்கவில்லை.

“ஓம். என்ரைதான்.”

“வடிவான எழுத்து.”

“நன்றி,” என்றார் இராசநாயகம். மணி அடித்தது.

மூன்றாவது முறை அவர் நடந்தபோது வழியில் அருளம்பலம் நின்றார். அவர் நிலத்தோடு சுழலாமல், ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இடது காதுக்குப் பின்னால் இரண்டு கிளுவை இலை துளிர்த்திருந்தது.

“என்ன, துளிர்த்திருக்கிறாய்?”

“மணி அடிச்சும் அசையாமல் நிக்கிறன். உறுதியா நிண்டா வேர் விடுந்தானே. நீங்கள்தான் சுத்திச் சுத்தி வாறியள், போஸ்ற்மாஸ்ரர்.”

“உனக்கு உந்தப் பாட்டிலை என்னடா இருக்கு?”

அருளம்பலம் யோசித்தார். “அந்த நாளையிலை நானும் சைக்கிளிலை லைட் இல்லாமல் உங்கட ஒழுங்கையாலை போறனான்,” என்றார். பிறகு அவரின் வாய் இருந்த இடத்தை மரப்பட்டை மூடிவிட்டது.

இராசநாயகத்துக்கு அதை என்னவென்று கேட்கவேண்டும் போலிருந்தது. ஆனால் மரத்தோடு சண்டை பிடிக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. பேசி நின்றதில் ஆறு வினாடி போய்விட்டது.

“ஒரு வழி கிடக்கு,” என்றார் பெனடிக்ரா அவரைக் கண்டதும். “தட்டிலை இரண்டாம் நிமிசம் நாலாம் செக்கனிலை ஒரு ஆம்பிளை கத்துறார். பாடின ஆளின்ர பேர் முழு இசைத்தட்டிலையும் அந்த ஒரு இடத்திலைதான் இருக்கு. கத்தினது ஆரெண்டு தெரிஞ்சால் குரல் அவற்ரை வீட்டுக்குப் போகும்.”

இராசநாயகத்தின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. “என்ன கத்துறார்?”

பெனடிக்ரா வாய் திறக்குமுன் நடையில் தங்கள் பாட்டுகளுக்காக வந்து நின்ற நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“தவமலர், வெளியிலை வா.”

சொல்லிவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. நரைத்த கொண்டை போட்ட ஒரு பெண் தன் பக்கத்தில் நின்றவரின் தோளில் தட்டினார். “எங்கட கலியாண வீட்டிலை உந்த இடத்துக்கு முழுச் சனமும் எழும்பிக் கத்தினது. பாட்டிலை எனக்குப் பிடிச்ச இடமே உதுதான்.”

“பஸ்ஸிலை போகேக்கையும் கத்துவம்,” என்றார் பக்கத்தில் நின்றவர். “கத்தினவன் ஆரோ ஒரு விசரன். ஆனால் சரியான தாளத்திலை கத்தியிருக்கிறான்.”

மணி அடித்தது.

நிலம் இராசநாயகத்தை வாசலில் கொண்டுபோய் விட்டது. ஐம்பது வருடமாக அவர் மறைத்து வைத்திருந்ததை ஊர் முழுவதும் கலியாண வீடுகளில் கத்தியிருக்கிறது. பெயரை உறையிலிருந்து எடுப்பித்தவரும் அவர். தட்டில் அதைப் பதித்தவரும் அவர். அவருக்குக் கால் வலித்தது. ஆனால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் முதுகை நிமிர்த்தி நான்காவது முறையாக நடந்தார்.

“அது நான்தான்,” என்றார்.

“கத்திக் காட்டுங்கோ.”

மேசையில் சத்தத்தை ஒத்துப்பார்க்கும் ஒரு சின்ன முள் இருந்தது. அது அசைந்தால் சரி என்று பெனடிக்ரா சொன்னார். இராசநாயகம் தொண்டையைச் செருமினார்.

“தவமலர், வெளியிலை வா.”

முள் அசையவில்லை.

“கோபம் காணாது, ஐயா.”

அவர் காலையிலிருந்து கோபத்தில் இருந்தார். அருளம்பலத்தில் கோபம், நிலத்தில் கோபம், மணியில் கோபம், பெல்பொட்டம் போட்டவரில்கூடக் கோபம். எல்லாவற்றையும் கூட்டி, அடுத்த சுற்று நடந்து வந்து கத்தினார். தவமலர் என்ற பெயரில் வந்ததும் அது தணிந்துவிட்டது. அவள் பெயரை ஐம்பது வருடத்தில் இன்றைக்குத்தான் வாயால் சொல்லுகிறார் என்பது அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது.

“இது கூப்பிடுறமாதிரி இருக்கு,” என்றார் பெனடிக்ரா. “தட்டிலை இருக்கிறது துரத்துறமாதிரி.”

“நான்தான் எண்டு சொல்லுறன். அண்டைக்குச் சப்பாத்துக் காலோடை மேடைக்குக் கிட்டப் போனனான். அவள் என்னைப் பாத்தவள். பாத்துக்கொண்டே பாடினவள்.”

“அதுக்குப் படிவம் இல்லை.”

முள் அசையவேயில்லை. பெனடிக்ரா ஒரு கடித உறையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“உரிமையில்லாத சத்தத்தைத் தட்டிலை வைச்சிருக்கேலாது. எடுத்துப்போட்டம். உரிமை கேட்ட ஆளிட்டைக் குடுக்கிறதுதான் முறை.”

“குரல்?”

“வேலிக்குள்ளை நிக்கும்.”

உறை பாரமில்லாமல் இருந்தது. அதன் மேல் ஊதா மையில் முத்திரை: ஏற்க மறுக்கப்பட்டது. அந்த முத்திரை அவருக்குத் தெரியும். பிடியின் நுனி கொஞ்சம் உடைந்தது. ற் என்ற எழுத்தின் புள்ளி விழாது. வெளிநாட்டிலிருந்து தவமலர் தங்கள் வீட்டுக்குப் போட்ட மூன்று கடிதங்களிலும் அதைத் தன் கையாலேயே குத்தித் திருப்பி அனுப்பியவர் அவர். நாலாவது கடிதம் வரவில்லை.

மணி அடித்தது. நிலம் அவரை வாசலில் விட்டது.

அவர் வீட்டுக்கு வந்தபோது பின்னேரம் நாலு மணி. வெயில் இருந்தது. அருளம்பலத்தை அவருக்கு முன்னரே கொண்டுவந்து வேலியில் நட்டிருந்தார்கள். ஏழாவது கதியால். இலைகள் நன்றாக வந்திருந்தன. கதிரைகளில் இருந்தவர்கள் எண்ணிக்கையில் கூடியிருந்தார்கள்.

பாட்டுத் தொடங்கியது. இராசநாயகம் யன்னலைச் சாத்தவில்லை. எல்லை வேலிக்கு இந்தப் பக்கம், கையில் உறையோடு நின்றார். லைட்டில்லாச் சைக்கிள் வந்தது. பள்ளம் வந்தது. மச்சான் வந்தது. அவர் அசையாமல் நின்றார். குரலில் அவர் நினைத்து வைத்திருந்த திமிர் இல்லை. கொஞ்சம் மூக்கடைப்பு இருந்தது. ஒலிப்பதிவு நடந்த கிழமை அவளுக்குத் தடிமன் என்று தகப்பனார் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தது அவருக்கு நினைவு வந்தது.

இரண்டாம் நிமிடம் நான்காம் வினாடி வந்தது. கதிரைக்காரர் எல்லோரும் வாயைத் திறந்தார்கள். தட்டில் சத்தம் இல்லை. டிறம் மட்டும் தனியாக அடித்தது. அவர்கள் திறந்த வாயோடு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெயர் இல்லாமல் பாட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போய், முடிந்தது.

“எங்கட இடத்தை ஆரோ எடுத்துப்போட்டாங்கள்,” என்றார் பெல்பொட்டம் போட்டவர். அவர் அழுவதற்குக் கிட்ட நின்றார்.

பாட்டு மறுபடி தொடங்கியது. இராசநாயகம் தன் வீட்டுப் படலைக்குப் போய், இரண்டு கதவையும் விரியத் திறந்து, கல் வைத்தார். திரும்பி வந்து உறையைக் கிழித்தார். உள்ளே அவருடைய சத்தம் இருந்தது. காய்ந்து, மடித்து, ஒரு தபால் முத்திரை அளவில். அதை அவர் திரும்ப மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இரண்டாம் நிமிடம் மூன்றாம் வினாடி. அவர் மூச்சை இழுத்தார்.

“தவமலர், உள்ளுக்கு வா.”

ஒருவரும் அவரோடு சேர்ந்து சொல்லவில்லை.

“சொல்லு பிழை, ஐயா,” என்றார் பெல்பொட்டம் போட்டவர், மரியாதையாக. “வெளியிலை வா எண்டுதான் வரும்.”

“எனக்குத் தெரியும்,” என்றார் இராசநாயகம்.

குரல் வேலிக்குள் நின்று மிச்சப் பாட்டைப் பாடியது. பெல்லடி மச்சான் என்று மூன்று முறை சொல்லி முடித்தது. கிடுகு அசையவில்லை. ஏழாவது கதியாலில் ஓர் இலை கூடியிருந்தது.

அவர் கதிரை கேட்கவில்லை. யாரோ கொடுத்தார்கள். அதில் சாயாமல் இருந்தார். பாட்டு மறுபடி தொடங்கியது. மறுபடி கூப்பிட இன்னும் இரண்டு நிமிடம் நான்கு வினாடி இருந்தது.